கோயில் வயசும் காட் வயசும்

கிறிஸ்துநாயகத்துக்கு இரண்டு வயது. பால்குடி என்று நினைத்துவிடாதீர்கள். தலைமயிர் கொட்டி, முழங்காலில் தைலம் மணக்கும் மனிதர். ஆளுக்கு இரண்டு வயது இருந்தது என்கிறேன். ஒன்று கோயில் வயசு; ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் சுவாமியார் எழுதி வைத்தது. மற்றது காட் வயசு; கனடாவில் வந்திறங்கிய பிறகு அடையாள அட்டைகளில், எங்கள் பேச்சில் காட்டுகளில், அடித்துத் தந்தது. ஸ்காபரோவில் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு இப்படி இரண்டு உண்டு. அதை யாரும் பெரிய குற்றமாகப் பேசுவதில்லை, பகிடியாகத்தான் பேசுவார்கள். ஆனால் இந்த மனிதனின் ஒரே ஆசையைத் தின்றது அந்தப் பத்து வருட வித்தியாசம்தான். தின்னக் கொடுத்தவன் வேறு யாருமில்லை, கூடவே வளர்ந்த கூட்டாளி.

பிறந்தது நாற்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம், யாழ்ப்பாணக் கரையோரத்தில் முனைக்கரை என்ற கத்தோலிக்க ஊரில். பங்கு வாசிகசாலையில் கிடந்த ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில்தான் பெடியன் முதன்முதலாக இங்கிலாந்து உதைபந்தாட்டக்காரன் ஸ்ரான்லி மத்தியூஸைப் பார்த்தான். தொளதொளத்த காற்சட்டை, மெலிந்த கால், பக்கத்தில் எதிரணிக்காரன் நிலத்தில் விழுந்து கிடக்கிறான். அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்ததில் விஷயம் விளங்கியது. முடிவெட்டுகிறவரின் மகன். வலது ஓரத்தால் பந்தைக் கொண்டு போகிற றைற் அவுட் ஆட்டக்காரன். ஒருதரம்கூட நடுவர் பெயரெழுதிக்கொள்ளாத ஒழுக்கக்காரன். விடிய எழும்பிக் கடற்கரை மணலில் ஓடுகிறவன். இரண்டு தரம் இங்கிலாந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோற்று, மூன்றாம் தரம் முப்பத்தெட்டு வயதில் வென்று பதக்கம் வாங்கியவன்.

மணலும் கடலும் ஊரில் தாராளமாகக் கிடந்தன. கிறிஸ்துநாயகம் ஓடத் தொடங்கினார். மத்தியூஸ் திங்கட்கிழமைகளில் சாப்பிடுவதில்லை என்று எங்கேயோ வாசித்துவிட்டு இவரும் திங்கள் பட்டினி கிடந்தார். கத்தோலிக்க ஊரில் வெள்ளி ஒருசந்தி சரி, திங்கள் விரதம் என்றால் சும்மா விடுவார்களா? பெடியன் சைவத்துக்கு மாறிவிட்டான் என்று கதை பரவி, சுவாமியார் வீட்டுக்கே வந்து விசாரித்தார். "மத்தியூசுக்காகச் சுவாமி" என்று இவர் சொல்ல, அவர் மத்தேயு அப்போஸ்தலர் என்று நினைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. ஊருக்கு அவர் மத்தியூஸ்.

கூட்டாளி யோசப் சென்ரர் போர்வேர்ட், நடுவில் நின்று கோல் அடிக்கிறவன். இருவருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே தண்ணீர்த் தொட்டியில் ஞானஸ்நானம் நடந்தது. மத்தியூஸ் ஓரத்தால் நான்கு பேரைச் சுழித்துப் போய்ப் பந்தைத் தூக்கிக் கொடுப்பார், யோசப் தலையால் இடிப்பான். எழுபத்துநான்கில் ஓர் அரையிறுதி. ஒன்றுக்கு மூன்று என்று தோற்றுக்கொண்டு நின்ற முனைக்கரை நான்குக்கு மூன்று என்று வென்றது. அதில் மூன்று கோல் யோசப் போட்டவை. ஆனால் ஊர் யாரைத் தூக்கித் தோளில் வைத்துக் கோயில் வரை போனது? மத்தியூஸை. ஆட்டத்துக்கு வைத்த பெயரும் 'மத்தியூஸ் மட்ச்'. யோசப் பின்னால் சிரித்துக்கொண்டு நடந்து வந்தான். சிரித்துக்கொண்டு வருகிறவனின் வயிற்றுக்குள் என்ன வேகிறது என்று யார் எட்டிப் பார்த்தது!

இறுதி ஆட்டங்கள்தான் சரிவரவில்லை. எழுபத்தொன்றில் தோல்வி. எழுபத்துநான்கில் அந்த அரையிறுதிக்குப் பிறகு தோல்வி. எண்பத்துமூன்று ஆடியில் மூன்றாவது இறுதி ஆட்டத்துக்குத் திகதி குறித்திருந்தார்கள். அந்த ஆடியில் நாடே எரிந்தது, யார் பந்தடிப்பது? "மூண்டாவது எனக்கு மிச்சம் கிடக்கு" என்று கிறிஸ்துநாயகம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு இறுதி ஆட்டம், அதில் ஆடி வென்று ஒரு பதக்கம், கால் ஓய முதல். வேறொன்றும் அந்த மனிதர் ஆண்டவரிடம் கேட்கவில்லை.

எண்பத்தெட்டில் ரொறன்ரோ வந்தார். யோசப் மூன்று வருடம் முந்தி வந்தவன், ஆங்கிலம் பிடித்திருந்தான். படிவம் நிரப்பினது அவன்தான். பிறந்த ஆண்டு எழுதும் இடத்தில் பேனையை நிறுத்தி யோசித்தான்.

"நாப்பது வயசு எண்டு போட்டால் பக்ரறியில ஒருத்தனும் எடுக்கமாட்டான் மச்சான். பிறந்தது அம்பத்தெட்டாம் ஆண்டு எண்டு போடுறன்."

"பொய்யெல்லோடா?"

"பத்து வயசு குறைக்கிறது பாவமில்லையடா, ஆயுசு. நீ கையெழுத்தை வை."

வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. நான்கு என்ற இலக்கம் யோசப்பின் கையால் ஐந்தானது.

பிறகு மனைவி அன்ரனெற் வந்து சேர்ந்தபோது பெரிய சிரிப்பு. அவள் உண்மை வயதோடு வந்தவள், ஐம்பத்துமூன்றில் பிறந்தவள். காட்டுகளின்படி புருசனுக்கு அவள் ஐந்து வயது அக்கா. கோபம் வந்தால் "தம்பி, இஞ்ச வாரும்" என்று கூப்பிடுவாள். "பென்சன் எடுக்க எழுபத்தைஞ்சு வயசு வரைக்கும் வேலை செய்யும், பிள்ளை" என்றும் சொல்வாள். டோர்செட் பார்க்கில் பதினேழு மாடிக் கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் இருந்தார்கள். போத்தல் மூடி செய்யும் பக்ரறியில் அவருக்குப் பகல் வேலை. கோடையில் பார்க்கைச் சுற்றி ஓடுவார். பனிக் காலத்தில் கட்டடத்தின் படிக்கட்டில் ஏறி இறங்குவார், கீழேயிருந்து பதினேழு, திரும்பப் பதினேழு. லிப்ற் பழுதோ என்று கேட்டு அந்தக் கட்டடத்துச் சனம் களைத்துப்போனது. பக்ரறியில் ஒரு கிழட்டு ஸ்கொட்லாந்துக்காரன், அசல் மத்தியூஸ் அறுபத்தொன்றில் இதே ரொறன்ரோவில் வந்து ஆடியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். அன்று கிறிஸ்துநாயகம் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தார். "என்ர மூண்டாவது இஞ்சதான் இருக்கு, இஞ்சேரும்" என்று அன்ரனெற்றிடம் சொன்னார்.

இருக்கத்தான் செய்தது. ஊர்ச்சங்கங்கள் சேர்ந்து, நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று கோடையில் ஒரு கோப்பை தொடங்கின. முனைக்கரைச் சங்கத்துக்குத் தலைவர் யார்? யோசப். கோட்டுப் போட்டு மேடையில் பேசப் பழகியிருந்தான். வயிறும் வைத்திருந்தது, ஆனால் தலை இன்னும் பந்தைத் தேடிப் போகும். முதல் இரண்டு வருடம் ஒருத்தரும் வயது பார்க்கவில்லை. அந்த வசதியில் சில சங்கங்கள் முப்பது வயதுக்காரரின் தலையில் குட்டிக்குரா பவுடரைப் பூசி நரைத்த ஆளாக்கி இறக்கின. வேர்க்க வேர்க்கப் பவுடர் வழிந்து நெற்றியெல்லாம் பால் வடிந்தது. அந்தக் கூத்துக்குப் பிறகு, தொண்ணூற்றாறில் புதுச் சட்டம் போட்டார்கள்: ஆட்சேபனை வந்தால் சாரதி லைசன்சைக் காட்டவேண்டும். ஆனால் எங்கள் ஆட்களின் காட் வயசுக் கதை எங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? அதனால் ஒரு வாசலும் திறந்து வைத்தார்கள். லைசன்சில் வயது குறைந்திருந்தால், அந்த ஊர்ச் சங்கத் தலைவர் எழுந்து "இவற்ர ஊர் வயசு இவ்வளவு" என்று ஒரு சொல் சொன்னால் போதும். மறுபேச்சு இல்லை.

அந்த வருடம் முனைக்கரை இறுதி ஆட்டத்துக்கு வந்தது. சனிக்கிழமை அரையிறுதியில் கிறிஸ்துநாயகம் கொடுத்த பந்தில் யோசப் கோல் அடித்தான். லைனில் நின்ற பழைய ஆட்கள் "மத்தியூஸ்! மத்தியூஸ்!" என்று கத்தினார்கள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைத் துடைத்து, மஞ்சள் ஜேர்சியை மடித்து வைத்து, மனிதர் சிறுபிள்ளை போலச் சிரித்தார். நாற்பத்தெட்டு வயது. பதின்மூன்று வருடம் பிந்தி வந்த மூன்றாவது.

ஞாயிறு மத்தியானம், அணிகள் இறங்கப் பத்து நிமிடம் இருந்தது. ஏற்பாட்டுக் குழுத் தலைவர் இராஜரட்ணம், நேர்மையான மனிதர், கையில் ஒரு தாளோடு வந்தார்.

"கிறிஸ்துநாயகம் அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட லைசன்சை ஒருக்காப் பார்க்கவேணுமாம்."

கொடுத்தார். இராஜரட்ணம் பார்த்தார், முகம் சுருங்கியது.

"முப்பத்தெட்டு எண்டெல்லோ கிடக்கு."

"அது காட் வயசு தம்பி. கோயில் வயசு நாப்பத்தெட்டு. யோசப்பைக் கேளுங்கோ, ரெண்டு பேருக்கும் ஒரே நாள் ஞானஸ்நானம்."

எல்லாரும் யோசப்பைப் பார்த்தார்கள். ஒரு சொல்தான் வேண்டும். யோசப் குனிந்து சப்பாத்து நாடாவை இழுத்துக் கட்டினான். முதலே கட்டியிருந்த நாடா.

"தலைவர், சொல்லுங்கோ. இவற்ர ஊர் வயசு என்ன?"

"எனக்கு அதெல்லாம் ஞாபகமில்லை" என்றான் யோசப். "லைசன்சில என்ன கிடக்கோ அதை எடுங்கோ. சட்டம் எண்டால் சட்டம்தானே."

கிறிஸ்துநாயகம் பகிடி என்று நினைத்தார். உண்மையாக, சிரிக்கக்கூடத் தொடங்கினார். "டேய் யோசப், என்னடா கதைக்கிறாய்?" என்றார். யோசப் நிமிர்ந்து பார்க்கவேயில்லை, மைதானத்துக்குள் நடந்துவிட்டான். மற்றவர்களுக்கும் வயது தெரியும், ஆனால் தலைவரின் சொல்தான் செல்லும் என்பது சட்டம். தலைவருக்கு எதிராக வாயைத் திறக்க ஒருத்தனுக்கும் முதுகெலும்பில்லை. படிவத்தில் பொய் எழுதினேன் என்று மைக்கில் சொல்லி வழக்காட அந்த மனிதரால் முடியுமா? ஜேர்சியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உட்சட்டையோடு லைனுக்கு வெளியே போய் நின்றார்.

முனைக்கரை வென்றது. அதுதான் கொடுமை. இரண்டுக்கு ஒன்று, இரண்டும் யோசப். அடுத்த கிழமை தமிழ்ப் பேப்பரில் படம் வந்தது, மேலே கொட்டை எழுத்தில் 'யோசப்பின் கோப்பை' என்று இருந்தது.

இதற்குப் பிறகும் கிறிஸ்துநாயகம் அவனுக்காக வக்காலத்து வாங்கினார் என்றால் நம்புவீர்களா? இப்படியும் ஒரு அப்பாவி உலகத்தில் இருக்கிறானா என்று எனக்கே கோபம் வருகிறது.

"படிவத்தை எழுதினது அவன்தானே, இஞ்சேரும். வெளியில வந்தால் தன்ர தலையில வந்து விடியும் எண்டு பயந்திருப்பான்."

அன்ரனெற் கோபத்தில் தேத்தண்ணிக் கோப்பையை ஓங்கி வைத்தாள். "பேதுருவும் பயத்திலதான் மறுதலிச்சவர். ஆனா அவர் வெளியில போய் மனங்கசந்து அழுதவர். உங்கட யோசப் வெளியில போய்ப் படமெல்லோ எடுத்தவர்!"

"நீர் சும்மா இரும்" என்றார். ஆனால் அன்று சாப்பிடவில்லை. அது திங்கட்கிழமையும் இல்லை.

உண்மை வெளிவந்தது வோபர்னில், ஒரு தமிழ்க் கடையின் மரக்கறிப் பக்கத்தில். அன்புராசா என்பவர் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். இறுதி ஆட்டத்தில் எதிரணிக்குத் தலைவராக ஆடியவர், கரவெட்டிப் பக்கத்து மனிதர். இவரைக் கண்டதும் முருங்கைக்காயை வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணை, எனக்கு அண்டு தொட்டு மனசு சரியில்லை. நீங்கள் நாங்கள்தான் அறிவிச்சனாங்கள் எண்டு நினைச்சிருப்பியள்."

"இல்லையோ?"

"சத்தியமா இல்லை. உங்களோட விளையாடத்தான் எங்கட பெடியளுக்கு ஆசை. சனிக்கிழமை பின்னேரம் உங்கட தலைவர்தான் இராஜரட்ணத்தாரிட்டப் போய், 'நாளைக்கு எங்கட கிறிஸ்துநாயகத்தின்ர லைசன்சைப் பாருங்கோ' எண்டு சொன்னவர். நான் பக்கத்தில நிண்டனான்."

கிறிஸ்துநாயகத்தின் கையிலிருந்த கத்தரிக்காய்ப் பை விழுந்தது. அன்புராசாதான் குனிந்து பொறுக்கினார். பயந்தவன் என்றால் மன்னிக்கலாம். போய்ச் சொன்னவனை என்ன செய்வது? கூட இருந்தே குழி பறித்திருக்கிறான். அதுவும் தானே எழுதிய பொய்யை மண்வெட்டியாக்கி.

கடையிலிருந்து நேரே பஸ் ஏறி மல்வேர்னுக்குப் போனார். யோசப்பின் வீட்டு வரவேற்பறையில் நடுவில் கோப்பை இருந்தது. கன்னங்கரேல் என்ற மேசையில், கீழே ஒரு சரிகைத் துணி விரித்து. யோசப் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டான்.

"நீதானாமே போய்ச் சொன்னனீ?"

யோசப் மறுக்கவில்லை. அதற்கு மட்டும் அவனை மெச்சலாம். திடீரென்று வெடித்தான்.

"ஓம், நான்தான்! எழுபத்துநாலில மூண்டு கோல் ஆர் அடிச்சது? சொல்லு! மூண்டும் நான். சனம் என்ன பேர் வைச்சது? மத்தியூஸ் மட்ச்! அங்க, இங்கிலாந்திலயும் உதே கதைதானே. உன்ர மத்தியூஸ் வெண்ட அந்த இறுதி ஆட்டத்தில மூண்டு கோல் அடிச்சவன் மோர்ட்டென்சன். ஆனா அது மத்தியூசின்ர ஆட்டமாம். எனக்குத் தெரியாது எண்டு நினைச்சியோ? நீ வாசிச்ச அதே சஞ்சிகையை நானும் வாசிச்சனான்ராப்பா. அந்தச் சனிக்கிழமையும் நான் கோல் அடிக்கிறன், சனம் உன்ர பேரைக் கத்துது. எனக்கும் அம்பது வயசாகப் போகுது. ஒரு கோப்பை, ஒரே ஒரு கோப்பை என்ர பேரில இருக்கட்டும் எண்டு நினைச்சன். அது பிழையோ?"

இருபத்திரண்டு வருடம் ஒருவன் இதைச் சுமந்திருக்கிறான். கிறிஸ்துநாயகத்துக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் பாவம் ஒரு கணம்தான்.

"கேட்டிருந்தால் தந்திருப்பனே, யோசப்" என்றார். "நீ மட்டும் போய் விளையாடு எண்டு நானே கழட்டித் தந்திருப்பன். கேக்காமல் எடுத்திட்டாய்."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. கோயிலிலும் வேறு வேறு பக்கம் இருந்தார்கள். சங்கத்தில் எவனாவது ஒருவன் வந்து ஞாயம் கேட்பான் என்று கிறிஸ்துநாயகம் ஒரு வருடம் காத்திருந்தார். ஒருத்தனும் வரவில்லை. கோப்பை ஊருக்கு வந்ததுதானே, பிறகேன் கிண்டுவான் என்று இருந்துவிட்டார்கள். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல, அந்த மௌனம்தான் யோசப் செய்ததைவிட நொந்தது.

ஆனால் படிக்கட்டில் ஏறி இறங்குவதை அவர் நிறுத்தவில்லை. தொண்ணூற்றெட்டு மாசியில் காட் வயசுக்கும் நாற்பது பிறந்தது. கோயில் வயசு ஐம்பது. மத்தியூஸ் இங்கிலாந்தின் முதல்தரப் பிரிவில் கடைசியாக ஆடிய வயது. இனி யாருடைய சொல்லும் தேவையில்லை. லைசன்சே பேசும். அன்புராசாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உங்கட அணியில றைற் அவுட்டுக்கு இடம் இருக்கோ?"

"அண்ணை, உங்களுக்கில்லாத இடமோ! ஆனா உங்கட ஊராக்கள்…"

"அதை நான் பார்க்கிறன்."

பார்க்க முடிந்ததா? ஆவணி ஞாயிறு, இறுதி ஆட்டம். எதிரே யார்? முனைக்கரை. மஞ்சள் ஜேர்சி அந்தப் பக்கம், நீல ஜேர்சியில் கிறிஸ்துநாயகம் இந்தப் பக்கம். யோசப் முழங்கால் போய், தலைவராக லைனில் நின்றான். பந்து முதல் தரம் காலில் பட்டதும் முனைக்கரைச் சனத்துக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

"துரோகி!"

அந்தச் சொல் எங்கள் ஆட்களிடம் லேசான சொல்லல்ல. ஊரில் இயக்கங்களின் காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஆள் செத்திருக்கிறான். ஒரு குரல் பத்தானது, பத்து ஐம்பதானது. பந்து வரும்போதெல்லாம் "துரோகி! துரோகி!" முன்பு மத்தியூஸ், மத்தியூஸ் என்று கத்திய அதே வாய்கள். காட்டிக்கொடுத்தவன் கோட்டுப் போட்டுக் கரையில் நிற்கிறான். காட்டிக்கொடுக்கப்பட்டவனுக்குத் துரோகிப் பட்டம்! எந்த ஊர் நியாயம் ஐயா இது? அன்ரனெற் கதிரையை விட்டு எழும்பி அந்தச் சனத்தைப் பார்த்துக் கத்தப் போனாள். குரல் வரவில்லை, அழுகைதான் வந்தது. யோசப் கத்தவில்லை. ஒருத்தரையும் நிறுத்தவுமில்லை.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம். கோல் இல்லை. கிறிஸ்துநாயகத்துக்கு ஓரத்தில் பந்து வந்தது. ஒருவனை உள்ளே போவது போல ஏய்த்து வெளியே போனார். இரண்டாமவன் வழுக்கி விழுந்தான். கோல் கோட்டடியில் நின்று தூக்கிக் கொடுத்தார். அன்புராசா தலையால் இடித்தார். வலை குலுங்கியது.

நீல ஜேர்சிகள் எல்லாம் ஓடிவந்து அவர்மேல் விழுந்தன. எல்லாரும் "கோல்!" என்று கத்திய அந்த நேரம் அவருடைய வாயிலிருந்து வந்தது வேறு. "ஐயோ" என்றார். கோல் விழுந்தால் முனைக்கரைக்காரன் வாயில் வருகிற அதே ஐயோ. பக்கத்தில் நின்ற அன்புராசாவுக்கு அது கேட்டது. கேட்காத மாதிரி நின்றார்.

ஒன்றுக்குப் பூச்சியம். இராஜரட்ணம் கழுத்தில் பதக்கத்தைப் போட்டார். ஐம்பது வயதில் மூன்றாவது இறுதி ஆட்டம், வென்ற பதக்கம், எல்லாம் கேட்டபடியே கிடைத்தது. மஞ்சள் ஜேர்சிக்காரர்கள் கைகொடுக்காமல் தங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் அவர்கள் போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்ரனெற் வந்து துவாயை நீட்டினாள்.

"பதக்கம் கிடைச்சிட்டுது. இனியாவது சந்தோசமோ?"

முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஈரம் நிற்கவில்லை.

"எங்கட ஆக்கள் தோத்திட்டாங்கள், அன்ரனெற்" என்றார்.